மேற்கோளில் வந்த சென்னப்பன்

தீர்த்தகிரி வெங்காயத்தைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பார். காரிமங்கலம் சந்தையில் மற்றவர்கள் தோலின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், அழுத்திப் பார்க்கிறார்கள், கடைக்காரி அசந்தால் ஒன்றை உரித்தும் பார்க்கிறார்கள். இவர் ஒவ்வொன்றாகத் திருப்பி, அடியில் காய்ந்திருக்கும் வேர்த் தழும்பை முகத்தருகே கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்வார். ஒரு கூடையைக் கலைத்தால் ஒரு பிடி தேறும்.

"எல்லாரும் மூஞ்சியப் பாத்து எடுக்கறாங்க. நீங்க ஒருத்தருதான் சாமி அடியப் பாத்து எடுக்கறீங்க" என்பாள் கடைக்காரி சின்னம்மாள். பக்கத்தில் கத்தரிக்காய் விற்பவன் "கொழம்புக்கா, மருந்துக்கா?" என்று கேட்டால் அவளே பதிலும் சொல்லிவிடுவாள். "ரெண்டுக்கும் இல்ல. வளக்கறதுக்கு."

அவள் சொல்வது சரி. தருமபுரியில் ஒரு கல்லூரியில் அவர் தாவரவியல் நடத்துகிறார். டாக்டர் பட்டம் வாங்கியவர். அவருடைய ஆராய்ச்சி செல்களைப் பற்றியது. சிறு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயத்தை உட்காரவைக்கிறார். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்குகிறது. அதன் நுனியைக் கத்தரித்து, அமிலத்தில் வாட்டி, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய மூடியைப் போட்டுக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. அந்த அமுக்கில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். கூடினால் மூடி உடைந்துவிடும். அவருடைய வலது கட்டைவிரல் நகம் வருடம் முழுவதும் குங்குமச் சிவப்பாக இருக்கும். பேச்சு சூடு பிடித்தால் எதிரில் நிற்பவரின் தோளையும் அதே விரலால் செங்குத்தாக ஒரு முறை அமுக்கிவிடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் பழகிவிட்டார்கள். புதிதாக வரும் முதல்வர்கள்தான் கொஞ்சம் திடுக்கிடுவார்கள்.

செல் பிரிவதை மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர் பாடநூலைத் தொடுவதில்லை. "பாகப்பிரிவினை நடக்குதுங்க. வக்கீல் கெடையாது, பஞ்சாயத்து கெடையாது. எல்லாத்தையும் நடுவுல கொண்டாந்து வரிசையா நிறுத்தி, ஆளுக்குச் சரிபாதி. நம்ம ஊர்ல எந்த வூட்டுலயாச்சும் இப்படி நடந்து பாத்திருக்கீங்களா?" என்பார். பிறகு சிரிப்பார். சிரிக்கும்போது மேலுதடு இறங்கிப் பல்லை மறைத்துக்கொள்ளும். இந்த மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருடைய பல்லிலும் உள்ள பழுப்புக் கோடுகள் அவருக்கும் உண்டு.

அவருடைய பெயர் சொல்லும் ஆராய்ச்சி அந்தப் பல்லில் இருந்துதான் தொடங்கியது. காரிமங்கலத்தை அடுத்த தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐந்து கிணறுகளில் தண்ணீர் எடுத்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் புளோரைடு உப்பு எவ்வளவு என்று அளந்தார். அதே தண்ணீரில் வெங்காயத்தை வேர்விட வைத்தார். ஐந்தாம் கிணற்றில் பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்தது. மூன்றாம் கிணற்றில் குரோமோசோம்கள் பிசின்போல ஒட்டிக்கொண்டு, பிரியவும் முடியாமல் சேரவும் முடியாமல் நடுவழியில் நின்றன. அருமையான படங்கள். அவற்றோடு கட்டுரையை எழுதி ஐரோப்பியப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். 1981இல் அது வெளிவந்தது. கிணறுகளுக்கு எண்தான் கொடுத்திருந்தார். யாருடையவை என்று எழுதவில்லை. அது ஆராய்ச்சி வழக்கம். அது வசதியாகவும் இருந்தது.

கட்டுரை வெளிவந்ததோடு ஆராய்ச்சியாளனின் வேலை முடிந்துவிடுவதில்லை. அதை யாராவது படித்து, தன் கட்டுரையில் மேற்கோள் காட்ட வேண்டும். யாரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பெயர்வரிசையில் அச்சிட்ட பெரிய தொகுதிகள் இருக்கின்றன. டெலிபோன் டைரக்டரிபோன்ற தடிமன், எறும்பு வரிசைபோன்ற எழுத்து. தருமபுரியில் அவை கிடையாது. பெங்களூரில் ஒரு பெரிய நூலகத்தில் உண்டு. விடுமுறை தோறும் தீர்த்தகிரி ஒரு பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். வீட்டில் கேட்டால் "நூலகத்துக்கு" என்பார். டி வரிசைத் தொகுதியை எடுத்து, ஒரு ஜெர்மானியருக்கும் ஒரு கிரேக்கருக்கும் நடுவே தன் பெயர் இருக்க வேண்டிய இடத்துக்கு வருவார். அங்கே எதுவும் இருக்காது. அந்த வெற்றிடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை அமுக்கிவிட்டுத் தொகுதியை மூடுவார். நான்கு வருடம் இப்படிப் போனது.

நான்காம் வருடம் நூலகத்தில் ஒரு புதிய பத்திரிகையைப் புரட்டியபோது அவருக்கு வயிறெரிந்தது. ஹங்கேரிக்காரர் ஒருவர், தண்ணீரின் நச்சுத்தன்மையை வெங்காய வேரால் கண்டுபிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தார். இதைச் சென்னப்பன் ஏற்கெனவே தெளிவாகக் காட்டியிருக்கிறார் என்று அதில் இருந்தது. சென்னப்பன், 1981. அதே வருடம். அதே வெங்காயம். பெயரைப் பார்த்தால் மைசூர்ப் பக்கத்து ஆள் என்று தோன்றியது. அங்கே தெருவுக்கு ஒரு சென்னப்பா இருப்பார். கட்டுரையின் விவரத்தை ஒரு காகிதத்தில் அவசரமாக எழுதிக்கொண்டு வெளியே வந்தார். ஓசூர் வரைக்கும் அந்த மைசூர்க்காரரை மனத்துக்குள் திட்டினார். சூளகிரி தாண்டியதும் அவருடைய முறையில் ஒரு தவறு கண்டுபிடித்தார். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் தேநீரை வாங்கிக்கொண்டு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பத்திரிகையின் தொகுதி எண், பக்க எண். தன் கட்டுரையின் பக்க எண்ணை மறந்த ஆராய்ச்சியாளன் உலகத்தில் இல்லை. தேநீர் சட்டையில் கொட்டியது.

கட்டுரையோடு அனுப்பிய படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் உங்கள் பெயர், இரண்டாவதில் குடும்பப் பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். குடும்பம் என்றால் அப்பாதானே என்று இரண்டாம் கட்டத்தில் சென்னப்பன் என்று எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர்கள் அவர்கள் வழக்கப்படி தீர்த்தகிரியை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி, சென்னப்பனை உலகத்துக்கு அறிமுகப்படுத்திவிட்டார்கள். அடுத்த பயணத்தில் சி வரிசைத் தொகுதியை எடுத்துப் பார்த்தார். சென்னப்பன் அங்கே சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். ஹங்கேரியிலிருந்து, போலந்திலிருந்து, பிரேசிலிலிருந்து என்று ஏழு பேர் அவரை மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

சென்னப்பனுக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் ராகியும் கொள்ளும் போடுகிறார். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை, ஆனால் கையெழுத்துப் போடுவார். மகன் சந்தோஷத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை. "எம்பேரு எதுல வந்தா என்னா, வந்துச்சில்ல" என்றார். அன்றிலிருந்து மகன் ஊருக்குப் போகும்போதெல்லாம் மாட்டைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் "இப்ப எத்தன?" என்று கேட்பார். எதைப் பற்றிய கட்டுரை என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. மூன்றாம் கிணறு சென்னப்பனுடையது. ஊரில் பாதி வீடுகள் அதில்தான் குடிதண்ணீர் எடுக்கின்றன. மகன் கல்லூரிக்குக் கேனில் தண்ணீர் கொண்டுபோனதைப் பார்த்து, தன் கிணற்றுத் தண்ணீரின் சுவை காலேஜ் வரைக்கும் எட்டிவிட்டது என்று அவர் சந்தையிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்ல தண்ணீருள்ள ஐந்தாம் கிணறோ பங்காளி மாதையனுடையது. ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருடங்களாகின்றன. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்த்தகிரி இரண்டு முறை ஊருக்குப் போயிருக்கிறார். இரண்டு முறையும் அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா மாதையனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. போன வைகாசியில்தான் சிக்கல் வந்தது. அவருடைய துறையில் வஹிதா என்று ஓர் உதவியாசிரியை இருக்கிறார். தருமபுரியில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருக்கும் குடும்பம். கண்ணாடித் தகடு செய்வதில் அவரையும் மிஞ்சிய கை. டாக்டர் பட்டத்துக்குப் பதிவுசெய்ய வேண்டும், சென்னைக்குப் போய்ப் படிக்க வீட்டில் விடமாட்டார்கள். தீர்த்தகிரிக்கு ஆய்வு வழிகாட்டி என்ற அங்கீகாரம் கிடைத்தால் இங்கேயே பதிவுசெய்துவிடலாம். அவர் விண்ணப்பித்தார். ஏழு மேற்கோள்களையும் இணைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து நாலு வரியில் பதில் வந்தது. மேற்கோள் காட்டப்பட்டவர் சென்னப்பன், விண்ணப்பித்திருப்பவர் தீர்த்தகிரி, இருவரும் ஒருவரே என்பதற்கு வருவாய்த்துறைச் சான்று இம்மாத இறுதிக்குள் தேவை.

வஹிதா அதைப் படித்துவிட்டு வேர்களுக்குச் சாயம் ஏற்றப் போய்விட்டார். அங்கிருந்தே சொன்னார்: "உங்க அப்பாவுக்கு ஏழு. உங்களுக்கு ஒண்ணுகூட இல்ல. பேசாம அவரையே எனக்கு கைடாப் போட்டுடுங்க சார்."

"அவரு ரொம்பக் கண்டிப்புங்க. உங்களால தாங்க முடியாது."

"நான் எழுதிக் குடுக்கற பேப்பரை நீங்க ஒரு வருசம் அடைகாக்கறீங்க. அவராச்சும் உழுது முடிச்ச கையோட பாத்துக் குடுப்பாரு" என்றார் வஹிதா. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்த மாசம் விட்டா வூட்டுல அடுத்த வருசம் கேக்க மாட்டாங்க சார். வேற பேச்சு ஆரம்பிச்சுடுவாங்க."

மறுநாள் தீர்த்தகிரி ஊருக்குப் போனார். கிராம நிர்வாக அலுவலர் வெங்கடாசலத்தை ஊர்க்காரர்கள் பழைய பழக்கத்தில் மணியக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் பல்கலைக்கழகக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. சென்னப்பன் பேருல பட்டா இருக்குது, ரேசன் கார்டு இருக்குது. ஆளு அங்க கெணத்து மேட்டுல ராட்டினத்துக்கு எண்ணெ போட்டுக்கிட்டு இருக்கறாரு. நீங்க இங்க என் எதுக்க நிக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு எழுதினா என் வேலை போயிடுங்க."

யோசித்து அவரே ஒரு வழி சொன்னார். மேற்படி கட்டுரை என்னுடையது அல்ல, அதை எழுதியவர் என் மகன் என்று சென்னப்பன் ஒரு வாக்குமூலம் கொடுக்கட்டும். அதன் கீழே மணியக்காரர் சான்று கொடுத்துவிடலாம். ஐந்தே நிமிடத்தில் எழுதியும் முடித்தார். இருவரும் கிணற்று மேட்டுக்குப் போனார்கள். தண்ணீர் எடுக்க வந்த குள்ளம்மாளும் வேறு இரண்டு பெண்களும் குடங்களோடு நின்றிருந்தார்கள். சென்னப்பன் எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு, வெங்கடாசலம் வாசித்ததைக் கேட்டார்.

"நான் எழுதலன்னு நானே எழுதிக் குடுக்கறதா?"

"ஆமாங்க. ஒரு கையெழுத்துதான்."

"கெணறு என்னுது. அவன் கேன்ல மோந்துக்கிட்டுப் போன தண்ணி என்னுது. மொத வருசம் வெங்காயமும் நம்ம காட்டுதுதான். அவனப் படிக்க வெச்சது நானு. கடைசியில பேரும் எம்பேரு. இதுல அவன் எழுதுனது என்னா இருக்குது மணியக்காரரே?"

வெங்கடாசலம் தீர்த்தகிரியைப் பார்த்தார். "பெரியவர் சொல்றதும் வாஸ்தவமாத்தாங்க இருக்குது."

"அப்பா, ஒரு பொண்ணோட படிப்பு இதுல இருக்குது. போட்டுடுப்பா."

"போடறன். போடமாட்டன்னா சொன்னேன்? மொதல்ல நான் என்னா எழுதியிருக்கறன்னு சொல்லு. எதை எழுதலன்னு தெரியாமக் கையெழுத்துப் போட நான் என்னா மந்திரியா?"

பெண்கள் சிரித்தார்கள். தீர்த்தகிரி தொண்டையைச் செருமினார். "வெங்காய வேர்ல செல்லு பிரியறதப் பத்திப்பா."

"பிரியுதா?"

"சில தண்ணியில பிரியுது. சில தண்ணியில செரியாப் பிரியல."

"எந்தத் தண்ணியில பிரியல?"

வாய்மொழித் தேர்வில் மாணவர்களை அவர் இப்படித்தான் படிப்படியாக மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். கிணற்றைப் பார்த்தார். குடங்களைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணியிலதாம்பா."

ராட்டினத்தில் கயிறு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். புளோரைடு, பல், போகப்போக எலும்பிலும் மூட்டிலும் வரக்கூடியது, எல்லாம். ஆராய்ச்சி அரங்குகளில் கால்மணி நேரம் எடுத்துக்கொள்ளும் விஷயம், ஊர்ப் பேச்சில் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"எங்கெணத்துத் தண்ணி விசம்னு எம்பேருலயே எழுதி ஒலகம் பூரா அனுப்பிட்டயா?"

"விசம்னு எழுதலப்பா. வெங்காயத்துக்கு ஆவலன்னுதான்."

"வெங்காயத்துக்கு ஆவலன்னா வெங்காயம் குடிக்க வேண்டாம்." சென்னப்பன் குரலை உயர்த்தவில்லை. "எத்தன வருசமாத் தெரியும் உனக்கு?"

"ஆறேழு வருசமா."

"அங்கேரிக்காரனுக்குத் தெரியும். போலந்துக்காரனுக்குத் தெரியும். கெணத்துக்காரனுக்குத் தெரியாது."

தீர்த்தகிரியின் கட்டைவிரல் வேட்டி மடிப்பை அமுக்கிக்கொண்டிருந்தது.

"நல்ல தண்ணி எந்தக் கெணத்துலன்னு எழுதியிருக்கறேன் நானு?"

"மேட்டுக் கெணறு. மாதையன் சித்தப்பாவோடது."

வெங்கடாசலம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குள்ளம்மாள் மட்டும் "அய்யய்யோ" என்றாள்.

"பேனாவக் குடுங்க மணியக்காரரே" என்றார் சென்னப்பன். வாக்குமூலத்தைத் துவைகல்லின்மேல் விரித்து, ஒரு ஓரத்தில் எண்ணெய்ப் புட்டியைப் பாரமாக வைத்தார். பேனாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டார். "குள்ளம்மா, புதுசா எறச்சு ஒரு சொம்பு மோந்து குடு எம்மவனுக்கு. டேய் தீர்த்தா, இவங்க எல்லாரும் பாக்கக் குடி. முழுசாக் குடி. நீ கீழ வெக்கறதுக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுடறன்."

வாளி இறங்கி ஏறியது. சொம்பு நிறைந்து வழிந்து அவர் கைக்கு வந்தது. குள்ளம்மாள் கெஞ்சலாகத்தான் சொன்னாள்: "குடிச்சுடுங்க கண்ணு. நீங்களே குடிச்சுட்டா எங்களுக்கும் ஒரு தெம்பு. இந்த வெய்யில்ல மேட்டுக் கெணத்துக்கு யாரு நடக்கறது? போனாத்தான் அவங்க மோக்க விடுவாங்களா?"

ஒரு சொம்புத் தண்ணீரில் ஒன்றும் ஆகாது. அது தீர்த்தகிரிக்குத் தெரியும். கட்டுரையிலேயே இருக்கிறது, இரண்டாம் பத்தியில். வருடக்கணக்கில் குடித்தால்தான் கேடு. இதே தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்து வளர்ந்தவர் அவர். இப்போது ஒரு மூச்சில் குடித்துவிட்டால் காகிதம் சட்டைப் பைக்கு வந்துவிடும். சாயங்கால பஸ்ஸில் தருமபுரிக்குப் போய்விடலாம். நாளைக்குத் தபாலில் சேர்த்தால் வஹிதாவின் பெயர் பதிவாகிவிடும். தீர்த்தகிரியின் ஏழு மேற்கோள்களும் அவரிடமே வந்து சேரும். அதே சாயங்காலம் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் இன்னொரு செய்தியும் போய்ச் சேரும். அவர் கட்டுரைக்கு இந்த ஊரில் கிடைக்கும் முதல் மேற்கோள் அதுவாகத்தான் இருக்கும்: தீர்த்தகிரியே குடித்தார்.

அவர் சொம்பை முகம்வரைக்கும் உயர்த்தினார். சென்னப்பன் பேனா முனையைக் காகிதத்தில் வைத்தார்.

தீர்த்தகிரி சொம்பை உதட்டில் படாமலே இறக்கி, செருப்பைக் கழற்றினார். வேட்டியை முழங்கால்வரைக்கும் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் வந்த விருந்தாளி வாசலில் நின்று செய்வதுபோல, முதலில் வலது காலில் ஊற்றினார். பிறகு இடது காலில். குதிகாலைக் குதிகாலால் தேய்த்து, புழுதி போகக் கழுவினார்.